நாக்கும் நகமும்

எழுதிக்கொள்ளுங்கள், கேரார்ட் ஐயா.
வாங்கியது பதினோரு அவுன்ஸ்.
திருப்பித் தருவது ஒன்பதரை.
நடுவில் காணாமல்போன ஒன்றரைக்காகத்தான்
இவ்வளவு நேரம் உங்கள் தராசின் முன் நிற்கிறேன்.

பொன் என்று உங்கள் ஏட்டில் இருக்கிறது.
முழுப் பொன் இல்லை அது.
மஞ்சள் பட்டிழைமேல் சுற்றிய வெள்ளித் தகடு,
அதன்மேல் மூச்சு விட்டாற்போல் ஒரு முலாம்.
துணியைத் துளைத்துப் போகாது,
போனால் தோல் உரியும்.
அதனால் மேலேயே படுக்கவைப்போம், இரண்டிரண்டாக.
அடியிலிருந்து வரும் பட்டு நூல்
எட்டிப் பிடித்துக் கட்டிவிட்டு
மறுபடி இறங்கிப்போகும்.
ஓவர்மாரெ பிரபுவின் சிங்கம் அப்படித்தான்
குதிரைப் போர்வையின் நீலத்தில்
பின்னங்காலில் எழுந்து நின்றது.

புரூஜ் நகரில் சிங்கம் பார்த்தவர் யார்?
ஓவியர் தந்த தாளில் வெறும் கோடு.
முகத்துக்கு மீன்காரர் வீட்டு நாயை வைத்துக்கொண்டோம்.
பிடரிக்கு அறுபத்திரண்டு சுருள்,
எல்லாம் பகலில். விளக்கொளியில் பொன் தைக்கக்கூடாது,
சங்கத்து விதி, உங்களுக்குத் தெரியாததா.

கெர்ஸ்டினெ கை பட்டால் வெள்ளி கறுக்கும்.
தவிட்டில் தேய்த்தாலும் சாம்பலில் தேய்த்தாலும்
அவள் வியர்வை பட்ட இழை மறுநாள் ஈயம்.
அதனால் அவளுக்குச் சிவப்புப் பட்டு மட்டும்:
நாக்கும் நகமும்.
நாக்குக்கு நாலு நாள் எடுத்துக்கொண்டாள்.
கர்ஜிக்கிற நாக்கா, தாகத்து நாக்கா என்றாள்.
கேடயத்து நாக்கு, தை, என்றேன்.

செவ்வாய்க்கிழமை சந்தை மேடையில்
பிரபுவின் தலை போயிற்று.
புதன்கிழமை ஆணை வந்தது:
அவருடைய சிங்கம் எங்கெங்கு உண்டோ
அங்கெல்லாம் இல்லாமல் போகவேண்டும்.
கோட்டை வாசலில் கல்தச்சன்
நாலு அடியில் முடித்துவிட்டுக் குடிக்கப்போனான்.
வண்டிக் கதவுக்கு ஒரு கை சாயம்.
எங்களுக்கு ஒன்பது நாள்.

பிரிப்பது பின்பக்கத்தில் தொடங்கும்.
அங்கே சிங்கம் கிடையாது, ஐயா.
முடிச்சு, தாவிப்போன நூல்,
ஒரு வெள்ளிக்கிழமை மாலையின் அவசரம்.
கட்டை அறுத்தால் மேலே இழை
நனைந்த வைக்கோல்போல் தளர்கிறது.
வாலில் ஆரம்பித்தோம்.
முகத்துக்கு வந்த அன்று
மீன்காரர் நாய் வாசலில் வந்து படுத்தது,
அதற்கு ஒன்றும் அர்த்தமில்லை, தினமும் வரும்.

ஒன்றரை அவுன்ஸ் எங்கே என்றால்,
கொஞ்சம் எங்கள் விரல் நுனியில். பாருங்கள்,
கழுவியும் போகவில்லை.
கொஞ்சம் பலகை இடுக்கில். பெருக்கிய குப்பையும்
இந்தப் பையில் இருக்கிறது, எரித்துப் பாருங்கள்.
கொஞ்சம் தும்மலில். சிரிக்காதீர்கள்,
பிப்ரவரியில் எங்கள் அறை அப்படி.
மீதி எனக்குத் தெரியாது.

துணியைக் கேட்கிறீர்கள்.
இதோ.
ஆணையில் பொன் என்றுதான் இருந்தது.
பட்டுக்கு எடை போடமாட்டார்களே என்று
கெர்ஸ்டினெ தன் பங்கைப் பிரிக்கவில்லை,
நானும் பிரி என்று சொல்லவில்லை.
விரித்தால் நீலத்தில்
நாலு மூலைக்குச் சிதறிய பதினான்கு நகம்,
மேலே ஒரு நாக்கு,
நடுவில் யாருமில்லை.
சன்னலுக்கு எதிரே பிடிக்காதீர்கள்.
பிடித்துவிட்டீர்கள்.
ஊசித் துளை ஒவ்வொன்றிலும்
கால்வாய் வெளிச்சம் நுழைந்து
நிற்கிறது பாருங்கள்
மீன்காரர் வீட்டு நாய்,
அறுபத்திரண்டு சுருளோடு.

கத்தரிக்கோல் இருக்கிறது.
நாக்கை நீங்களே அறுத்துக்கொள்ளுங்கள்.
எனக்கு வேலை வந்திருக்கிறது:
நீங்கள் நிறுத்து வாங்கும் இதே ஒன்பதரை
திங்கட்கிழமை என்னிடமே திரும்பி வருமாம்,
புதிய பிரபுவுக்கு மூன்று வாத்து.
நடக்கிற வாத்து. சிவப்பு அலகு, சிவப்புக் கால்.
கெர்ஸ்டினெ வெளியே நிற்கிறாள்.
வாத்துக்கு நாக்கு உண்டா என்று
உங்களிடம் கேட்டுவரச் சொன்னாள்.